பேர் கெட்ட ஊரின் நல்ல ஒயின்

ஐரோப்பாவின் சிவப்பு ஒயின்களில், கொடுத்த காசுக்குக் குறை வைக்காத புட்டி எங்கே கிடைக்கும்? விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தென் பிரான்ஸின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1907ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தென் பிரான்ஸிலுள்ள மோன்பெலியே நகரத்து மைதானத்தை நோக்கி ஜனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ரயிலேறி வந்தவர்களும், குதிரை வண்டி கட்டி வந்தவர்களும், இரவெல்லாம் நடந்தே வந்தவர்களுமாக, ஊருக்கொரு பதாகையைத் தூக்கிக்கொண்டு, பதாகைக்கு முன்னால் முரசு முழங்க, கிழவரும் பெண்டிரும் சிறுவரும் உள்பட அணிவகுத்து நுழைந்த அந்தக் கூட்டத்துக்கு நகரத்து விடுதிகளில் இடம் போதாமற்போகவே, அவ்வூர் பிஷப் தேவாலயங்களின் கதவுகளைத் திறந்துவிட்டு, வந்தவர்கள் அங்கே படுத்துறங்க அனுமதித்தார். கூட்டம் 5 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. 8 லட்சம் என்பாரும் உண்டு. நார்போன், பெசியே, பெர்ப்பிஞான், கார்க்கஸோன், நீம் என்று மே மாதம் முதல் ஞாயிறுதோறும் ஓர் ஊரில் கூடிக் கூடிப் பெருகிய கிளர்ச்சியின் உச்சம் அது. இவ்வளவு பேரையும் திரட்டியவர் அர்ஜெலியே என்ற சிற்றூரில் காப்பிக்கடையும் கொஞ்சம் திராட்சைக் கொடியும் வைத்திருந்த மார்சலேன் அல்பேர் என்பவர். மார்ச் மாதத்தில் அவரோடு புறப்பட்ட முதற்கூட்டம் 87 பேர்தான்.

அவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நிலவறைகளில் ஒயின் நிரம்பிக் கிடக்கிறது, வாங்குவாரில்லை. அடுத்த விளைச்சலோ கொடியில் காய்த்துத் தொங்குகிறது. சர்க்கரையும் தண்ணீரும் கலந்து வடித்த போலிச் சரக்கைச் சர்க்கார் தடுத்தால் நாங்கள் பிழைப்போம் என்பதுதான் அவர்களுடைய விண்ணப்பம்.

இன்று பாரிஸிலோ லண்டனிலோ ஒரு கடையின் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, பிரசித்தி பெற்ற பர்கண்டிப் புட்டி 40 யூரோவுக்கும் அதன் பக்கத்திலே அந்தத் தென்பகுதியைச் சேர்ந்த கோர்பியேர் என்று பெயர் எழுதிய புட்டி 8 யூரோவுக்கும் இருப்பதைக் கண்டு, இவ்வளவு மலிவான சரக்கு நல்லதாக இருக்குமா என்று தயங்குகிறவருக்கு, அந்தச் சந்தேகத்தின் வேர் இந்த மைதானத்தில்தான் இருக்கிறது. நல்லதாக இருக்கும் என்பதும், ஆனால் அந்த விலை நீடிக்காது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

கெட்ட பெயர் வந்த கதை

லாங்தோக் என்ற அந்தப் பிரதேசத்துக்குத் திராட்சை புதிதல்ல. நார்போன் நகரத்தை ரோமானியர்கள் கி.மு. 118இல் நிறுவிய காலத்திலிருந்து அங்கே கொடி பயிராகி வருகிறது. (மத்தியதரைக் கடலின் மது தமிழருக்கும் அந்நியமாக இருந்ததில்லை. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றுப் புலவர் அறிவார். அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அக்கடற்கரை நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த ஓடுகளாக வெளிவந்தன.) கெடுதல் பிற்காலத்தில் வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஃபைலோக்சரா என்ற வேர்ப்பேன் 1860களில் தொடங்கிப் பிரான்ஸின் கொடிகளை ஊர் ஊராக அழித்தபின், அப்பேனைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி மறுபடியும் நட்டார்கள். அப்படி நடும்போது, கல்லும் முள்ளுமான பழைய மேட்டுநிலங்களை விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலே வண்டல் படிந்த சமவெளியில், அராமோன் என்ற ஓயாமல் காய்க்கும் இனத்தை நட்டார்கள். வடநாட்டுச் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் தினமும் குடிக்கும் மலிவுச் சரக்கு அங்கேதான் உற்பத்தியாயிற்று. வெளுத்து நீர்த்த அந்தச் சரக்குக்கு நிறமும் வலுவும் ஏற்ற அல்ஜீரியாவிலிருந்து கருத்த ஒயின் பீப்பாய் பீப்பாயாக வந்து கலந்தது.

1907ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நார்போனில் ராணுவம் சுட்டு உயிர்கள் போயின. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படையில் சுமார் 500 பேர் தம் ஜனங்களைச் சுட மாட்டோம் என்று கலகம் செய்து பெசியேவுக்கு நடந்து வந்தார்கள். பிரதம மந்திரி க்ளெமான்சோ, தம்மைத் தேடி வந்த அல்பேருக்குத் திரும்பிப் போக 100 பிராங்கு ரயில் சத்தம் கொடுத்தார். கொடுத்த செய்தியைப் பத்திரிகைகளுக்கும் சொன்னார். மனிதர் விலைபோய்விட்டார் என்ற அவப்பெயர் அல்பேரை 1921இல் அவர் வறியவராக மரணமடையும் வரையில் விடவில்லை. ஆனாலும் அவர் கேட்டது கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் 29ஆம் தேதிச் சட்டம், ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சலை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதி இன்றும் இருக்கிறது. பிரான்ஸில் மிக மலிவான புட்டியிலும் இருப்பது திராட்சையே என்று நாம் நம்புவதற்கு இடம் கொடுத்தவர்கள் அந்த மைதானத்தில் நின்றவர்கள்.

கலப்படம் ஒழிந்தது; கெட்ட பெயர் ஒழியவில்லை. 1962இல் அல்ஜீரியா சுதந்திரமடைந்தது, தொழிலாளிகளின் குடிப்பழக்கம் குறைந்தது, இத்தாலியிலிருந்து இன்னும் மலிவான சரக்கு வந்து இறங்கியது. 1976 மார்ச்சில் மோந்ரெதோன் என்ற ஊரில் விவசாயிகளும் காவல் படையினரும் துப்பாக்கியோடு மோதிக்கொண்டதில் பக்கத்துக்கு ஒருவராக இருவர் மாண்டனர். அதற்குப் பிறகு ஐரோப்பிய சமூகம் பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. அப்பிரதேசத்தின் திராட்சை நிலத்தில் ஏறத்தாழப் பாதி இப்படி மறைந்தது.

கையுறை வியாபாரியின் தோட்டம்

மாற்றம் வெளியாள் ஒருவர் மூலமாக வந்தது. எமே கிபேர் என்பவர் தோல் கையுறை செய்து விற்றவர். 1970களில் மோன்பெலியேவுக்கு மேற்கே அனியான் ஊர்ப்பக்கம் ஒரு பழைய பண்ணையை வாங்கினார். அவரைப் பார்க்க வந்த போர்தோ சர்வகலாசாலைப் புவியியல் பேராசிரியர் ஆன்ரி ஆன்ஜல்பேர், அங்கிருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டு, இது முதல்தரமான ஒயினுக்கு ஏற்ற நிலம் என்று அபிப்பிராயம் சொன்னார். கபெர்னே சோவின்யோன் என்ற போர்தோ இனத்தை நட்டு, 1978இல் முதல் விளைச்சலைப் புட்டியில் அடைத்தார் கிபேர். மா த தொமா கசாக் என்ற அந்த ஒயினுக்குச் சட்டப்படி எந்த உயர்ந்த பட்டமும் இல்லை. சாதாரண மேஜை ஒயின் என்ற சீட்டோடுதான் அது வெளிவந்தது. வெளிவந்த சில ஆண்டுகளில் போர்தோவின் பெரிய வீடுகளோடு அதை ஒப்பிட்டுப் பேசினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவின் மோண்டாவி நிறுவனம் அதே அனியானில் காடு திருத்தித் தோட்டம் போட வந்தபோது ஊரே இரண்டுபட்டு, தேர்தலில் வென்ற புதிய மேயர் அதைத் திருப்பி அனுப்பிய கதை பின்னர் சினிமாவிலும் இடம்பெற்றது.

கிபேரின் புட்டி இன்று நம் கணக்குக்குள் அடங்காத விலை. ஆயினும் மேட்டுநிலத்தின் மதிப்பை அயலார் சொல்லக் கேட்டபின் உள்ளூர்க்காரர்களுக்கும் ரோஷம் பிறந்தது. ஃபோஜேர், சேன் ஷினியான் ஆகிய பகுதிகள் 1982இலும், கோர்பியேர், மினெர்வுவா ஆகியவை 1985இலும் அதிகாரபூர்வமான ஊர்ப்பெயர் உரிமையைப் பெற்றன. கோர்பியேரில் ஒரு ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டருக்கு மேல் வடிக்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அந்த உரிமையோடு வந்தவை. சமவெளியின் பேய் விளைச்சலைக் கண்ட கண்ணுக்கு இது விரதம்.

பெட்டிச் செய்தி: விலைக்குள் ஒளிந்திருப்பது

பிரிட்டனில் 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி, 13.5 சதவீதச் சாராயச் சத்துள்ள 750 மில்லிலிட்டர் புட்டிக்கு ஆயத்தீர்வை 2.99 பவுனாக இருந்தது. அதன் மேல் விற்பனை விலையில் ஆறில் ஒரு பங்கு மதிப்புக் கூட்டு வரி.

6 பவுன் புட்டி: வரி 1.00, தீர்வை 2.99, மிச்சம் 2.01 பவுன்.
12 பவுன் புட்டி: வரி 2.00, தீர்வை 2.99, மிச்சம் 7.01 பவுன்.

பிரான்ஸில் அதே புட்டிக்கு ஆயத்தீர்வை சுமார் 3 சென்ட். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் சாதாரண ஒயினுக்கு ஆயத்தீர்வை கிடையாது. அயர்லாந்தில் சுமார் 3.19 யூரோ.

இரட்டை விலை, மூன்று மடங்கு ஒயின்

மேலே கண்ட கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விலை இரண்டு மடங்கானபோது, வரி போக மிஞ்சுவது மூன்று மடங்குக்கு மேலாகிவிட்டது. அந்த மிச்சத்திலிருந்துதான் கண்ணாடிப் புட்டி, தக்கை, சீட்டு, அட்டைப்பெட்டி, லாரிச் சத்தம், கடைக்காரர் லாபம் எல்லாம் கழிய வேண்டும். அவற்றின் செலவோ நல்ல ஒயினுக்கும் மட்ட ஒயினுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகையால் லண்டனில் 6 பவுன் கொடுத்து வாங்குகிறவர், சர்க்காருக்கும் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் லாரிக்காரருக்கும் கொடுத்ததுபோக, திராட்சைக்குக் கொடுப்பது சில்லறைக் காசுதான். மிக மலிவானதே சிக்கனமானது என்று எண்ணுகிற நம்முடைய சுபாவமான வழக்கம் இந்த ஒரு பண்டத்தில் பலிப்பதில்லை. பிரிட்டனில் 10 முதல் 14 பவுனுக்குள்ளும், பிரான்ஸில் 7 முதல் 12 யூரோவுக்குள்ளும் வாங்குவதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு மேலே போனால் கொடுக்கும் பணம் வேறு வழியில் போகிறது. 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்றின் விலை 800 யூரோவைத் தாண்டும். அதில் அடங்குவது 300 புட்டி. ஆகவே புதுப்பீப்பாயின் வாசனைக்கு மட்டும் புட்டிக்கு இரண்டரை யூரோவுக்கு மேல் ஆகிறது. மரவாசனை வேண்டாதவர் அதைக் கொடுக்கத் தேவையில்லை. அதையும் தாண்டி 40, 100, 500 என்று ஏறும் விலை பெரும்பாலும் நிலத்தின் கீர்த்திக்கும், கிடைக்காமையின் கவர்ச்சிக்கும் கொடுக்கும் காணிக்கை.

எந்தப் பெயரைத் தேடுவது?

லாங்தோக்கின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே இனத்தால் ஆவதில்லை. க்ரெனாஷ் இனிய சதைப்பற்றைக் கொடுக்கிறது. சிரா நிறத்தையும் மிளகு வாடையையும் கொடுக்கிறது. மூர்வேத்ர் துவர்ப்பையும், சேன்சோ லேசான நறுமணத்தையும் கொடுக்கின்றன. இவற்றோடு கரின்யான். ஒரு காலத்தில் பிரான்ஸில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்டதும், மிக அதிகமாகத் திட்டு வாங்கியதும் இந்த இனம்தான். வண்டல் நிலத்தில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டால் புளிப்பும் துவர்ப்புமாக வாயைக் கூசவைக்கும். அதே கரின்யான் அறுபது, எழுபது வயதுக் கொடியாகிக் கல் நிலத்தில் கைப்பிடி குலையே காய்க்கும்போது வேறு ஜன்மம் எடுத்துவிடுகிறது. அதன் முரட்டுத்தனத்தை அடக்க ஒரு வழியும் உண்டு: குலைகளை நசுக்காமல் முழுசாகக் கரியமிலவாயு நிரப்பிய தொட்டியில் மூடிவைத்தால், ஒவ்வொரு பழத்துக்குள்ளேயும் நொதித்தல் தொடங்கி, தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காமல் நிறமும் பழவாசனையும் மட்டும் இறங்குகின்றன.

ஊர்களில் என் முதல் சிபாரிசு ஃபோஜேர். சிறிய இடம், பலகை பலகையாக உடையும் சிலேட்டுப் பாறை நிலம், ஒயினில் கருமையான பழமும், மழை விழுந்த கல்லின் வாடை போன்ற ஒன்றும் இருக்கும். பக்கத்திலுள்ள சேன் ஷினியானில் வடபாதி அதே சிலேட்டு, தென்பாதி சுண்ணாம்பும் களிமண்ணும். எனவே ஒரே பெயருக்குள் இரண்டு குணம். மினெர்வுவாவில் 1999இல் தனி உரிமை பெற்ற லா லிவினியேரும், கோர்பியேரில் 2005இல் பெற்ற பூத்னாக்கும் ஒரு படி உயர்ந்தவை, விலையிலும்தான். வடக்கே தெராஸ் து லார்ஸாக் பகுதியில் பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் பீடபூமியின் குளிர் இறங்குவதால் ஒயினில் புளிப்பு கெடாமல் நிற்கிறது. 2014இல் உரிமை பெற்ற அந்த ஊரின் பெயர் இப்போது பரவத் தொடங்கிவிட்டதால், மலிவு என்று சொல்லும் காலம் அங்கே முடிந்துகொண்டிருக்கிறது. ஃபிட்டுவுக்கு 1948இலேயே உரிமை கிடைத்துவிட்டது. அதை இன்றும் யாரும் பெரிதாகப் பேசாதது வாங்குகிறவருடைய அதிர்ஷ்டம்.

இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு லட்சணம் சொல்லலாம். மலைச்சரிவுகளில் தானாக வளரும் தைம், ரோஸ்மேரி முதலிய மூலிகைகளின் வாடை இந்த ஒயின்களில் கலந்திருக்கிறது என்று அவ்வூர்க்காரர் சொல்வார்கள். சொல்லிக் கேட்டதனால்தானோ என்னவோ, எனக்கும் அது தெரிகிறது. வடமேற்கிலிருந்து ஓயாமல் வீசும் வறண்ட காற்று இலைகளைக் காயவைத்துப் பூஞ்சணத்தைத் தடுப்பதால் அங்கே மருந்து தெளிப்பது குறைவு. பிரான்ஸில் இயற்கை வேளாண்மைத் திராட்சை மிகுதியாக உள்ள மாகாணமும் அதுவே.

கூட்டுறவுச் சங்கத்து ஒயின் என்றால் மட்டம் என்று ஒதுக்குகிற வழக்கம் ஒன்று உண்டு. அது பழைய நியாயம். பெசியேவுக்குப் பக்கத்திலுள்ள மரோசான் ஊரின் சிறு விவசாயிகள் 1901இலேயே ஒன்று சேர்ந்து, இடைத்தரகர்களை விட்டுவிட்டு பாரிஸ் தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடைகளுக்கே நேராகத் தம் ஒயினை அனுப்பினார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ழான் ஜோரெஸ் 1905இல் அங்கே சென்று அவர்களைப் பாராட்டினார். இன்றும் பழங்கொடியுள்ள அங்கத்தினர்களின் சரக்கைத் தனியே வடித்துப் புட்டியில் அடைக்கும் சங்கங்கள் பல; 7 யூரோவில் திருப்தி தரும் புட்டி பெரும்பாலும் அவற்றினுடையதுதான்.

பெட்டிச் செய்தி: சீட்டில் நம்பத்தக்கது, தகாதது

விளைந்த இடத்திலேயே புட்டியில் அடைத்தது என்ற குறிப்பு: நம்பத்தக்கது. வியாபாரியின் பெயரும் தபால் எண்ணும் மட்டும் இருந்தால், பல இடத்துச் சரக்கு கலந்ததாக இருக்கலாம்.

பழங்கொடி: பிரான்ஸில் இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வயது வரம்பு இல்லை.

ரிஸர்வா: ஸ்பெயினின் ரியோஹாவில் சட்டத்துக்குட்பட்ட சொல், சிவப்பு ஒயினானால் குறைந்தது 3 ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் பீப்பாயில்.

கனத்த புட்டி: கண்ணாடியின் கனத்துக்கும் ஒயினின் தரத்துக்கும் சம்பந்தமில்லை, அந்தக் கனத்தின் லாரிச் சத்தம் நம்முடையது.

எல்லைக்கு அப்பால்

கெட்ட பெயரோ பெயரின்மையோ விலையை இறக்கிவைத்திருக்கும் இடங்கள் வேறும் உண்டு. ஸ்பெயினில் அரகோன் பகுதியின் கலாத்தயூத், காம்போ த போர்ஹா ஆகியவை. க்ரெனாஷின் தாயகமான அந்த உயர்ந்த மேடுகளில் பழங்கொடிகள் இன்னும் ஏராளம். ரியோஹாவின் ரிஸர்வா விஷயத்தில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: நாம் செய்ய வேண்டிய காத்திருப்பைத் தயாரிப்பாளரே தம் நிலவறையில், தம் முதலைப் போட்டுச் செய்துவிட்டு அனுப்புகிறார். போர்ச்சுகலில் துவரோ பள்ளத்தாக்கு 1756இலேயே எல்லை வகுக்கப்பட்டது, போர்ட் என்ற இனிப்பு மதுவுக்காக. அதே படிக்கட்டு நிலத்தின் அதே இனங்களிலிருந்து வடிக்கும் இனிப்பில்லாத சிவப்பு ஒயின், அந்த நிலத்தில் உழைக்கும் சிரமத்தைப் பார்த்தால் நியாயத்துக்குக் கீழான விலைக்கு விற்கிறது. இத்தாலியில் அப்ரூஸ்ஸோவின் மோந்தெபுல்சியானோ எங்கும் கிடைக்கும், அநேகமாக ஏமாற்றாது.

போஜொலேயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. பர்கண்டிப் பிரபு ஃபிலிப் 1395இல் தம் சிறந்த நிலங்களிலிருந்து துரத்திய கமே என்ற இனம் தெற்கே போய்க் கருங்கல் குன்றுகளில் வாழ்வு பெற்றது. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை அமர்க்களமாக வெளியாகும் புது ஒயினால் உலகமெங்கும் பெயர் வாங்கியது. அந்தப் பெயராலேயே விளையாட்டுச் சரக்கு என்று மதிப்பும் இழந்தது. மோர்கோன், ஃப்ளூரி உள்ளிட்ட அதன் 10 தனிக் கிராமங்களின் ஒயின் இன்னும் பர்கண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. காரத்துக்கும் அதுவே பொருத்தம். மிளகாயின் எரிச்சலைச் சாராயச் சத்தும் துவர்ப்பும் இரண்டாக்கும் என்பதால், ஐரோப்பாவில் குடியிருக்கும் தமிழ் வீடுகளில் ஆட்டிறைச்சிக் குழம்போடு கனத்த போர்தோவை வைப்பதைக் காட்டிலும், துவர்ப்புக் குறைந்த கமேயையோ சேன்சோவையோ சற்றுக் குளிரவைத்து வைப்பது நாக்குக்கு இதம்.

வீட்டில்

சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்பது, கணப்பில்லாத பழைய ஐரோப்பிய வீடுகளைப் பார்த்துச் சொன்ன விதி. இன்றைய சூடேற்றிய வீட்டில் 22 டிகிரியில் நிற்கும் புட்டியைப் பருகினால் சாராய நெடி முன்னால் வரும்; அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே 8 யூரோ ஒயினுக்குப் புது மரியாதை வந்துவிடும். காசு செலவில்லாத சீர்திருத்தம் இதற்கு மேல் எனக்குத் தெரியாது. மிஞ்சியதைத் தக்கையிட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. பெட்டிக்குள் பையில் அடைத்து வரும் ஒயினைப் பிரான்ஸில் கௌரவக் குறைவாக எவரும் நினைப்பதில்லை. காற்றுப் புகாத பை ஆகையால் திறந்த பின்னும் சில வாரங்கள் தாங்குகிறது.

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடப்பது நேர்மையாகாது. சிவப்பு ஒயின் இருதயத்துக்கு நல்லது என்று முன்பு பரவிய பேச்சு இப்போது ஓய்ந்துவிட்டது. தீங்கில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரு புட்டியில் 80 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. ரசனைக்காகக் குடிக்கிறோம் என்பவர்கள் மருந்தென்று சொல்லிக்கொள்ளாமல் ரசனைக்காகவே, கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

மேட்டுநிலத்தின் கணக்கு

இனி அந்த 8 யூரோவின் மறுபக்கம். பிரெஞ்சுக்காரர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைக்கு 120 லிட்டருக்குக் குறையாமல் குடித்தார்கள். இன்று அது 40 லிட்டரை ஒட்டி இறங்கிவிட்டது. இறக்கத்தில் பெரும்பங்கு சிவப்பு ஒயினினுடையது. தேங்கிய சரக்கைக் காய்ச்சிச் சாராயமாக மாற்றுவதற்கு 2023இல் 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் கொடியைப் பிடுங்குகிறவருக்கு, மறுபடி புதுக்கொடி நட அனுமதி கோருவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில், ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கென 12 கோடி யூரோ. நூறாண்டுப் பெருமை பேசும் போர்தோவிலும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பிடுங்கப்பட்டது.

எந்தக் கொடி முதலில் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒயினை மொத்தமாக வியாபாரிக்கு விற்கும் விவசாயிக்கு ஹெக்டோலிட்டருக்கு 90 யூரோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புட்டிக் கணக்கில் அது 68 சென்ட். சமவெளியில் யந்திரத்தால் அறுவடை செய்து ஹெக்டேருக்கு 90 ஹெக்டோலிட்டர் எடுக்கிறவருக்கு 8,100 யூரோ வரும். மலைச்சரிவில் யந்திரம் ஏறாத இடத்திலே, எழுபது வயதுக் கரின்யானிலிருந்து கையால் பறித்து 25 ஹெக்டோலிட்டர் எடுக்கிறவருக்கு வருவது 2,250 யூரோ, கூலிக்கே போதாது. பிடுங்கினால் 4,000. இந்தக் கணக்கின் முன்னால் பாட்டன் நட்ட கொடி என்ற பாசம் எத்தனை நாள் நிற்கும்? அதே 25 ஹெக்டோலிட்டரையும் தாமே புட்டியில் அடைத்தால் 3,333 புட்டி. புட்டிக்கு 4 யூரோ கைக்கு வந்தாலும் 13,000 யூரோவுக்கு மேல். அதில் செலவு போக ஒரு குடும்பம் தலையெடுக்கலாம். எனவே நல்ல மலிவு ஒயினைக் கொடுக்கும் மேட்டுநிலம் பிழைப்பதும் அழிவதும், வாங்குகிறவர் 3 யூரோப் புட்டியை எடுக்கிறாரா, அதன் மேல்தட்டில் இருக்கும் 8 யூரோப் புட்டியை எடுக்கிறாரா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. பெரிய அங்காடிகள் ஒயின் திருவிழா என்று செப்டம்பர்தோறும் நடத்தும் தள்ளுபடி விற்பனையில் இந்தக் கணக்கை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

பிடுங்கின நிலம் சும்மா கிடந்தபோது என்ன ஆயிற்று என்பதை 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஊரார் கண்கூடாகக் கண்டார்கள். 5ஆம் தேதி ரிபோத் என்ற கிராமத்தின் பக்கத்தில் பற்றிய தீ, வறண்ட காற்றில் கோர்பியேர் குன்றுகளின் மேல் பாய்ந்து, 16,000 ஹெக்டேரை எரித்து, வீடுகளையும் ஓர் உயிரையும் கொண்டுபோயிற்று. 1949க்குப் பிறகு பிரான்ஸ் கண்ட மிகப்பெரிய தீ என்று அதிகாரிகள் சொன்னார்கள். முன்பெல்லாம் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே உழுது சுத்தமாக வைத்திருந்த திராட்சை வரிசைகள் தீயைத் தடுக்கும் வேலிகளாக நின்றன. பல மழையற்ற ஆண்டுகளில் நொந்து, பிடுங்கி, கைவிட்ட நிலங்களில் புல்லும் புதரும் மண்டி, அவையே தீக்கு விறகாயின. மேயர்களும் விவசாயிகளும் மட்டுமல்லாமல், வந்து பார்த்த மந்திரிகளும் இதை ஒப்புக்கொண்டார்கள். எரியாமல் தப்பின தோட்டங்களிலும் புகைநெடி பழத்தில் ஏறியிருக்குமோ என்ற பயம் அறுவடை வரையில் இருந்தது.

சிலர் இப்போது ஆலிவும் பிஸ்தாவும் நடுகிறார்கள். சிலர் 2018இல் பதிவான அர்த்தபான், விதோக் போன்ற, பூஞ்சணம் தாக்காத புதிய திராட்சை இனங்களைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். பிஸ்தா மரம் ஒழுங்காகக் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரையில் அந்த வீடுகளுக்கு வரும்படி, இன்னும் பிடுங்காமல் விட்டுவைத்திருக்கும் பழைய கரின்யான், க்ரெனாஷ் கொடிகளின் ஒயினை விற்றுத்தான். அந்தப் புட்டிகள் இந்தப் பருவத்திலும் 7லிருந்து 12 யூரோவுக்குள் கடைகளில் கிடைக்கின்றன.